இடப்பக்கம் திரும்பினால் அலறும் ஹாரன்

வெள்ளைக்காரத் துரை போட்டுவிட்டு ஓடிய பழைய காரைச் சப்பான்காரன் எடுத்துக்கொண்டான். அதைப் பழுதுபார்க்க வந்தவரை எங்கள் ரப்பர் தோட்டத்தில் வயர்காரர் என்றே கூப்பிட்டோம். ஒல்லி ஆள், காதோரம் நரை. திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொண்டே வேலை செய்வார், அதனால் பேச்சும் குறைவு.

கிழிந்த சீட்டுகளுக்கு உறை தைக்க என்னை உட்காரவைத்தார்கள். லயத்துக் குடியிருப்பில் நாங்கள் உடுத்தத் துணியில்லாமல் சாக்கைக் கட்டியிருந்தோம். சீட்டுக்கு நல்ல துணி கொடுத்தார்கள். தைத்தேன்.

விளக்குகள் எரிந்தன. ஆனால் ஸ்டேரிங்கை இடப்பக்கம் முழுசாக வளைத்தால் ஹாரன் தானாக அலறியது.

“இது இன்னும் சரியாகலியேண்ணே?”

திருகாணிகளைக் கையில் துப்பினார். “லயத்துக்குத் திரும்புற முடக்கு எந்தப் பக்கம்மா?”

“எடது பக்கம்.”

“அப்ப சரியாத்தான் இருக்கு. ஒன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லி வை.”

போனவர்கள் திரும்பாத சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க சப்பான் அதிகாரி அந்தக் காரில்தான் வந்தான். பின்னால் லோரி. காரை ஓட்டியவர் வயர்காரர். முடக்கில் ஹாரன் அலறியதும் ஆண்கள் எல்லாரும் ரப்பர் மரங்களுக்குள் ஓடிவிட்டார்கள்.

லயத்து வாசலில் பெண்கள் மட்டும் நின்றோம். அதிகாரி எங்களைப் பார்த்தான், பிறகு காரைப் பார்த்தான். வயர்காரரை இறக்கி லோரியில் ஏற்றச் சொன்னான். அப்போது அவர் உதட்டில் திருகாணி இல்லை. ஆனாலும் எதுவும் பேசவில்லை.

பொழுது சாய்ந்ததும் என் வீட்டுக்காரர் வந்தார். மரவள்ளிக்கிழங்கு வைத்தேன்.

“எத்தன பேரப் புடிச்சாங்க?”

“ஒருத்தர,” என்றேன். இன்னும் ஒரு துண்டு கிழங்கு வைத்தேன்.