பத்தொன்பது நாள் வீட்டுக்கே போகாத சின்னக்குழந்தை

சின்னக்குழந்தைக்கு வயது ஐம்பத்திரண்டு. பெயரைக் கேட்டு யாராவது சிரித்தால், "நீ பொறக்கறதுக்கு முன்னாலயே வச்ச பேரு, வுடு" என்பாள். ஜவ்வாது மலையில் எங்கள் ஊர்ச் சாமை மில்லை ஒன்பது வருடமாக ஓட்டுவது அவள்தான். நான் மில் சங்கத்தின் செயலாளர். கையெழுத்துப் போடுவதைத் தவிர எனக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. அதையும் அவள்தான் ஞாபகப்படுத்துவாள். ஒருமுறை என் மூட்டையிலிருந்து ஒரு மணியை எடுத்துப் பல்லில் கடித்துவிட்டு, "இன்னும் ஒரு வெயில் வேணும், எடுத்துகினு போ" என்று செயலாளரையே திருப்பி அனுப்பினாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரியாகவே இருந்ததில் இன்னும் கோபம் வந்தது.

புருஷன் செத்த வருடம்தான் மில் வந்தது. மெஷின் மாட்ட வந்தவனுக்குப் பின்னால் நாலு நாள் நின்றே தொழிலைக் கற்றுக்கொண்டாள். சத்தம் மாறினால் உள்ளே கல்லா, பெல்ட் தளர்ச்சியா என்று வெளியில் இருந்தபடியே சொல்வாள். அந்த மில்தான் அவளுக்குச் சோறு, மரியாதை, பொழுதுபோக்கு எல்லாம்.

போன வருடம் திருப்பத்தூரிலிருந்து அஜய் என்ற என்ஜினியர் வந்து, கதவு, மெஷின், தராசு, பெயர் பதிகிற டேப்லெட் நாலுக்கும் ஒரே அடையாளம் வைத்துக் கொடுத்தார். இனி சாவி வேண்டாம், ரகசிய எண் வேண்டாம், விரல் வைக்க வேண்டாம். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பில்லை. டேக் என்றார். புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு. அது நாலடி தூரத்துக்குள் வந்தால் எல்லாம் தானாகத் திறக்கும். விலகிப் போனால் எல்லாம் தானாகப் பூட்டிக்கொள்ளும். நடுவில் கம்பி கிடையாது.

"இதுதாம்மா இனிமே நீங்க. இது எங்க இருக்கோ, அங்க நீங்க இருக்கீங்கன்னு மெஷின் நம்பும். யாருக்கும் குடுக்கக் கூடாது. குடுத்தா வேலை போயிடும். கீழே இருந்து படிச்ச ஆளைப் போட்டுடுவாங்க" என்றார் அஜய்.

"சத்தியமா ஒருத்தருக்கும் குடுக்க மாட்டேன் சார்" என்றாள். அந்தச் சத்தியத்தைக் கடைசிவரை காப்பாற்றினாள். ஒருத்தருக்கும் கொடுக்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினாள்.

கீழே உள்ளவர்களுக்கு இது புரியாது. எங்கள் ஊரில் கதவு என்பது ஆட்டுக்காக. வீட்டுக்குப் பூட்டுப் போட்டாலும் சாவி பக்கத்திலேயே ஆணியில் தொங்கும். ஆட்டுக்கு ஆணி எட்டாது, மனுஷனுக்கு எட்டும், அவ்வளவுதான் கணக்கு. சாவியை மடியில் முடிந்துகொண்டு ஊருக்குப் போகிறவனைப் பார்த்து, "எங்களயும் ஆட்டுல சேத்துட்டான்யா" என்று ஒரு மாதம் பேசுவார்கள்.

சந்தவாசலில் கட்டிக்கொடுத்த மகள் திரௌபதி ஸ்கூட்டியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டாள். சின்னக்குழந்தை டேக்கை ஆணியில் மாட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஓடினாள். பத்தொன்பது நாள். அந்தப் பத்தொன்பது நாளும் ஊரே போய் அவரவர் சாமையை அரைத்துக்கொண்டது. பாதி உமியும் பாதி அரிசியுமாகத்தான் வந்தது, அது வேறு விஷயம். நானும் இரண்டு மூட்டை அரைத்தேன்.

அவள் திரும்பி வந்த மறுநாள் ஒரு ஜீப் வந்தது. இறங்கியவர்கள் அஜயும் ரேணுகாதேவி என்ற அதிகாரியும். அந்தம்மா கையில் டேப்லெட் பதிந்த வருகைக் கணக்கு ரிப்போர்ட். நேராக என்னிடம் வந்தார்.

"நீங்கதான் செயலாளரா? ஒரு பொம்பளையை பத்தொன்பது நாளா மில்லுக்குள்ள அடைச்சு வச்சு வேலை வாங்கியிருக்கீங்க! வீட்டுக்கு விடலை, சாப்பிட விடலை. நீங்கல்லாம் மனுஷங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் சின்னக்குழந்தை முந்திக்கொண்டாள்.

"நானா? நான் எம் பொண்ணுக்கு கஞ்சி காச்சிகினு சந்தவாசல்ல இருந்தேங்க. கேப்பையில நெய் வடியுதுன்னு அந்த மெஷினு சொன்னா, படிச்சவங்க நீங்க நம்பலாமா மேடம்?"

பொய் சொல்லத் தெரியாத ஜென்மம். ஆணிக் கதை முழுவதும் வெளியே வந்துவிட்டது. அஜய்க்கு முகம் சிவந்தது. ஆணியிலிருந்து டேக்கைப் பிடுங்கித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"விதின்னா விதிதாம்மா. வேற ஆளைத்தான் போடணும்" என்றார் ரேணுகாதேவி.

சின்னக்குழந்தை கையில் ஒட்டியிருந்த உமியை முந்தானையில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். நானும் அரைத்தேன் மேடம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, பயந்தாங்கொள்ளி.

ஆளை மாற்றும் உத்தரவை எழுதுவதற்கு முன் மெஷினைப் பார்க்க அந்தம்மா உள்ளே போனார். தலைமை அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல அஜய் போனை எடுத்தார். எங்கள் ஊரில் போன் பேசச் சிக்னல் வேண்டுமென்றால் மேலே பாறைக்குத்தான் ஏற வேண்டும். டேக் கழுத்தில் ஆட, அவர் விறுவிறுவென்று ஏறினார்.

டக்கென்று கதவு பூட்டிக்கொண்டது. மெஷினோடு சேர்ந்து விளக்கும் போயிற்று.

"அய்யோ! யாருங்க வெளிய? கதவத் திறங்க!"

சின்னக்குழந்தைதான் முதலில் கதவருகே ஓடினாள். "பயப்படாதீங்க மேடம். எலிங்கதான் இருக்கும், ஒண்ணும் பண்ணாது."

"எலியா!" என்ற அலறல் பாறைவரை கேட்டிருக்கும். அஜய்க்கு மட்டும் கேட்கவில்லை. ஒருவனை மேலே அனுப்பினேன். அவர் சிக்னலைத் துரத்திக்கொண்டு அடுத்த பாறைக்குப் போய்விட்டாராம்.

உள்ளே டேப்லெட் வெளிச்சம் மட்டும் இருந்தது போலிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து அழாத குறையாக ஒரு குரல் வந்தது.

"ஏம்மா, 'உள்ளே எவரும் இல்லை'ன்னு இதுல போட்டிருக்கும்மா! நான் இருக்கேனே!"

"அத்த நம்பாதீங்க மேடம்" என்றாள் சின்னக்குழந்தை, கதவோடு கதவாகச் சாய்ந்து உட்கார்ந்து. "ஊர்லயே இல்லாத என்ன பத்தொம்பது நாளு உள்ள இருக்கேன்னு சொன்னதும் அதுதானே. நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போவல. கால மட்டும் கீழ தொங்க வுடாதீங்க."

அரைமணி நேரம் அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. மகள் கால் உடைந்த கதையையும், மருமகனுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாத கதையையும் சொல்லிக்கொண்டே இருந்தாள். உள்ளேயிருந்து மெல்ல 'ம்' கொட்டும் சத்தம் வந்தது.

அஜய் மூச்சிரைக்க ஓடிவந்தார். நாலடி தூரத்தில் கதவு தானாகத் திறந்தது. ரேணுகாதேவி தலையெல்லாம் உமியோடு வெளியே வந்து, கொடுத்த செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். கையிலிருந்த ரிப்போர்ட்டை நாலாகக் கிழித்தார். அஜயின் கழுத்திலிருந்த டேக்கைக் கழற்றிச் சின்னக்குழந்தையின் கையில் வைத்தார்.

"நீங்களே பாத்துக்குங்கம்மா. ஊருக்குப் போனா மட்டும் எனக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிட்டுப் போங்க" என்றார்.

சின்னக்குழந்தைக்குக் கண் கலங்கிவிட்டது. டேக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஜீப்வரை வழியனுப்ப அவர்களோடு நடந்தாள். பின்னால் மில் கதவு டக்கென்று பூட்டிக்கொண்டது. ஜீப்பில் ஒரு காலை வைத்த ரேணுகாதேவி அப்படியே நின்றார்.

"என் ஹேண்ட்பேக் உள்ளயே இருக்கு" என்றார். எல்லோரும் திரும்பி நடந்தோம். நாலடி தூரத்தில் கதவு திறந்தது. அந்தம்மா வாசலில் தயங்கினார். அஜயைப் பார்த்தார், மில்லுக்குள்ளே பார்த்தார், கடைசியில் சின்னக்குழந்தையின் கழுத்தைப் பார்த்தார்.

"நான் எடுத்துட்டு வர்ற வரைக்கும், அத அந்த ஆணியிலயே மாட்டிடுங்கம்மா."