'ப்ளூஸ்' என்றால் இன்னும்

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது திருகோணமலைத் துறைமுகத்துக்கு ஒரு பெரிய பிரெஞ்சுப் போர்க்கப்பல் வந்தது. தொப்பியில் சிவப்புக் குஞ்சம் வைத்த மாலுமிகள் வீதியெங்கும் திரிந்தார்கள். இறங்குதுறைக்கு எதிரே தேநீர்க்கடை வைத்திருந்த என் மாமா, வெள்ளைக்காரர் எல்லாருக்கும் இங்கிலீசு விளங்கும் என்று நம்பியிருந்தவர். அந்த நம்பிக்கை ஒரே நாளில் உடைந்தது.

தாடி வைத்த மாலுமி ஒருவர் தேசிக்காய் பிழிந்த தண்ணீரைக் குடித்து முடித்து, "ப்ளூஸ்!" என்றார். மாமா பதறிப்போனார்.

"புளிச்சுப் போச்சு எண்டு சொல்லுறானோ?"

எனக்கு அப்போது ஒன்பது வயது. அவர் கிளாஸை நீட்டிய விதத்தைப் பார்த்தேன். "இல்லை மாமா, இன்னும் வேணுமாம்!" ஊற்றிக் கொடுத்ததும் அவர் மேசையில் தட்டி, "உய்! உய்!" என்று தலையாட்டிச் சிரித்தார்; அவர்கள் பாஷையில் 'ஓம்'. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றிலிருந்து கடையின் பிரெஞ்சுப் பண்டிதை நான்தான்; நாள்தோறும் வந்த அந்தத் தாடிக்காரர்தான் என் வாத்தியார். பிரெஞ்சில் கடல் என்ற சொல்லுக்கு முன்னால் 'லா', சூரியன் என்ற சொல்லுக்கு முன்னால் 'லெ' போடவேண்டும். மாற்றிச் சொன்னால் அவர் காதைப் பொத்திக்கொள்வார். சில வேளை 'ப்ளூஸ்' என்பதை 'ப்ளூ' என்று பாதியில் விழுங்கிவிடுவார். ஏதோ அவசரம் என்று நினைத்தேன்.

ஒருநாள் சட்டைப்பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்துக் காட்டினார். என் வயதுப் பெண்பிள்ளை. "எல் நே ப்ளூ," என்றார் மெல்ல. 'எல்' என்றால் அவள். 'ப்ளூ' என்றால் இன்னும். இதற்குமேல் என்ன வேண்டும்?

"மாமா, அவருக்கு இன்னும் பிள்ளையள் இருக்காம்!" என்று கத்தினேன். கடையே கைதட்டியது. மாமா ஒரு சீப்பு வாழைப்பழத்தை அவர் கையில் வைத்தார். "கொண்டுபோய்ப் பிள்ளையளுக்குக் குடுங்கோ."

அவர் எங்கள் எல்லாருடைய முகத்தையும் பார்த்தார். பிறகு பழங்களோடு எழுந்து போனார்.

இறங்குதுறையில் விளையாடிய பிள்ளைகளுக்கு அவர் அவற்றை ஒவ்வொன்றாகக் கொடுப்பதைக் கண்டு ஓடினேன். "உங்கட பிள்ளையளுக்கு வேண்டாமோ? ப்ளூஸ்! ப்ளூஸ்!" அவர் குனிந்து, கடைசிப் பழத்தை உரித்து எனக்குத் தந்தார். நான் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆறேழு ஆண்டுகளுக்குப் பிறகு, கன்னியர்மடப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படிப்பித்த சிஸ்டர் அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதினார். தனியே வந்தால் 'இன்னும்'. வினையோடு ஒரு 'ந' சேர்ந்துவிட்டால் அதே சொல்லுக்கு 'இனி இல்லை' என்று பொருள். 'எல் நே ப்ளூ': அவள் இனி இல்லை. மகள் உயிரோடு இல்லை என்றுதான் அந்த மாலுமி எனக்குச் சொல்லியிருக்கிறார்.

நாங்கள் கைதட்டியபோது அவர் ஏன் எங்களைத் தடுக்கவில்லை என்பது மட்டும் எந்த இலக்கணத்திலும் எனக்கு அகப்படவில்லை.