கப்பல் காசு

மரகதம் அக்கா காலமான செய்தி வந்தபோது நான் நாற்றுப் பைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் வசந்திதான் போனில் கூப்பிட்டாள். "அம்மா தவறிட்டாங்க சித்தி. நேத்துகூட ஒங்களத்தான் கேட்டாங்க. பனி விழ ஆரம்பிச்சிருச்சே, பாதிப் பைய மேல வச்சிட்டாளான்னு." நான் இன்னும் வைத்திருக்கவில்லை. குடத்தை இறக்கிவிட்டு, அழுகைகூட வராமல் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். மரகதம் அக்கா பள்ளிக்கூடம் போனவர் அல்லர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். ஒப்பந்தம் போட்டு எங்கள் சனத்தை இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில் கணவரோடும் கைக்குழந்தையோடும் கப்பலேறி, மலைமேல் சோலூர்ப் பக்கம் வந்து சேர்ந்தார். மூன்று வருடம் கழித்து அதே வழியில் நானும் அம்மாவும் வந்தோம். எனக்குப் பத்தொன்பது வயது; அவருக்கு இருபத்தைந்து இருக்கும். ஒரு தேயிலை நாற்றுப் பண்ணையில் இருவருக்கும் பை நிரப்பும் வேலை. செம்மண்ணைச் சலித்துக் கறுப்புப் பாலித்தீன் பையில் நிரப்பி, ஓர் இலையோடு நறுக்கிய தேயிலைத் தண்டை நட வேண்டும். அது வேர் பிடித்து விலைக்குப் போக ஒரு வருடத்துக்கு மேலாகும்.

என் அம்மா வந்த நாளிலிருந்து தகரப் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. அதன் அடியில் பழஞ்சேலைத் துண்டில் ஒரு முடிச்சு இருந்தது. கப்பல் காசு என்பார். மறுபடியும் எங்கேயாவது ஏற்றி அனுப்பினால் வழிச்செலவுக்கு வேண்டுமே என்று சேர்த்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் அப்படி ஒரு முடிச்சு உண்டு. பட்டினி கிடந்தாலும் யாரும் அதை அவிழ்க்க மாட்டார்கள்.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, மிஞ்சின தண்டையெல்லாம் மொதலாளி வீசத்தான் செய்யிறாரு. கேட்டா தருவாரு. நம்ம பைக்கு மட்டும் காசு போட்டா போதும். ஒரு வருசம் அந்தக் காச மறந்துறணும்."

"காசுக்கு எங்கக்கா போறது?"

"சோத்துக் காசுல கை வைக்காத. ஒங்கம்மா பயந்து முடிஞ்சி வச்சிருக்காங்கல்ல, அதுல கேளு. மொத்தத்தையும் கேக்காத. போனா போவட்டும்னு எம்புட்டு நெனைக்க ஏலுமோ, அம்புட்டுத்தான்."

அம்மா கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. "நாளைக்கே ஏத்துனான்னா செடியத் தலையிலயா தூக்கிட்டுப் போவ?" மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் முடிச்சை அவிழ்த்து, கொஞ்சத்தை எடுத்து என் கையில் வைத்தார். முதலீடு என்ற சொல்லே எனக்கு அப்போது தெரியாது. ஆனால் என் முதல் முதலீடு அதுதான்.

அக்கா ஒரு நிபந்தனை விதித்தார். பாதிப் பைகள் ஓடையோரப் பள்ளத்தில், பாதி மேட்டில். மேட்டு நிலத்துக்காரரான கவுடரிடம் அவரே பேசி இடம் வாங்கியிருந்தார். "வெயில் காஞ்சா தண்ணி கிட்ட இருக்கது பொழைக்கும். பனி வுழுந்தா மேல இருக்கது பொழைக்கும். எது வரும்னு நமக்குத் தெரியுமா?"

நான் உறைபனியைப் பார்த்ததில்லை. எங்கள் பழைய தோட்டத்தில் நாற்றுமேடை எப்போதும் ஆற்றோரத்தில்தான் இருக்கும். மேட்டுக்குத் தண்ணீர் சுமந்ததில் இடுப்பு ஒடிந்தது. இருநூறு பைகளில் நாற்பதைத்தான் ஏற்றினேன். கேட்டபோது, "பாதிய வச்சிட்டேன் அக்கா" என்று கூசாமல் சொன்னேன். அந்தப் பொய்யை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை, இங்கேதான் எழுதுகிறேன்.

தை மாதம் ஒரு காலையில் பள்ளம் முழுக்க உப்புக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடந்தது. வெயில் பட்டதும் இலைகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "கப்பல் காசு போச்சு" என்று உள்ளே போய்விட்டார். வேலைக்குப் போகும் வழியில் அக்கா வந்தார். பள்ளத்தைப் பார்த்தார். மேட்டில் ஏறி அந்த நாற்பது பைகளையும் எண்ணினார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"ஏலாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் வந்து தூக்கியிருப்பேனே" என்றார். அவ்வளவுதான். ஓங்கி அறைந்திருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவின் முன்னால் ஒரு துணி முடிச்சை வைத்தார். அம்மாவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"இது ஒங்க வீட்டுக் கப்பல் காசுல்ல?"

"நான் இனி எங்கயும் போறதா இல்ல பெரியம்மா. நான் சொல்லித்தானே இந்தப் புள்ள போட்டுச்சி."

அம்மா அதை எடுத்து அக்காவின் கையிலேயே திணித்தார். தகரப் பெட்டியைத் திறந்து தன் முடிச்சை அவிழ்த்து என்னிடம் நீட்டி, "பை வாங்கு. இந்தத் தடவ இவ சொல்றபடி வையி" என்றார். ஒரே ஒரு ரூபாய் நாணயத்தை மட்டும் திரும்ப முடிந்துகொண்டார். மறுநாள் பெட்டியிலிருந்த சேலைகள் கொடியில் தொங்கின.

மேட்டில் பிழைத்த நாற்பதும் அடுத்த மழைக்கு விற்றுப்போயின. வந்த பணத்தில் பாதியைத் திரும்பப் பைக்கே போட வைத்தார் அக்கா. நான் ஆசைப்பட்ட சேலை மூன்று வருடம் கழித்துத்தான் கிடைத்தது. இன்று எனக்கென்று இருக்கும் அரை ஏக்கர் தேயிலை அப்படி வந்தது. என்னைப்போல் இன்னும் எத்தனையோ பெண்களுக்கு அவர் வழிகாட்டினார். இனிக்க இனிக்கப் பேசியல்ல. கம்மலை அடகு வைத்துக் காசு கொண்டுவந்த ஒருத்தியை, மீட்டுவிட்டு வா என்று வாசலிலிருந்தே திருப்பி அனுப்பினார். அவருக்கும் ஒரு பலவீனம் உண்டு: வாரம் தவறாமல் லாட்டரிச் சீட்டு வாங்குவார். அதைப் பற்றிக் கேட்டால் முறைப்பார்.

அந்தப் பனிக்குப் பிறகு அவர் என்னை முழுதாக நம்பியதில்லை என்றே நினைக்கிறேன். மார்கழி பிறந்தால் ஆள் விட்டாவது கேட்பார்: "மேல வச்சிட்டியா?"

அம்மா போகும்போது விட்டுப்போன அந்த ஒற்றை ரூபாயை எடுத்துக்கொண்டுதான் சாவு வீட்டுக்குப் போனேன். வசந்தியிடம் விவரம் சொன்னேன். அவளே சந்தனம் குழைத்து, அந்தக் காசைத் தன் தாயின் நெற்றியில் பதித்தாள். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

வீடு திரும்பியதும் குளித்துவிட்டு, இருட்டுவதற்குள் பைகளைச் சுமந்தேன். இந்த வயதில் மேடு ஏற மூச்சு வாங்குகிறது. முந்நூறில் நூற்றைம்பது.

போய் வாருங்கள் அக்கா. பாதி மேலேதான் இருக்கிறது. இந்தத் தடவை எண்ணித்தான் சொல்கிறேன்.