அக்கா பதுளைக்கு வந்துவிட்டாள்

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், ஒரே காம்பராவுக்குள் இரண்டு குடும்பங்கள் இருந்தோம். அப்பா, அம்மா, அக்கா, அண்ணன், நான் ஒரு பக்கம். சித்தப்பாவும் சித்தியும் அவர்களுடைய பிள்ளைகளும் மறுபக்கம். நடுவில் அம்மாவின் பழைய சேலை ஒன்று தொங்கும். அந்தப் பக்கம் யாராவது இருமினால் இந்தப் பக்கம் அம்மா எழுந்து சுடுதண்ணீர் வைப்பாள். அதை நல்ல காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. புத்தகத்தை விரிக்க இடமில்லாமல் அழுதிருக்கிறேன். குளித்துவிட்டுத் துணி மாற்ற ஒரு மூலை கிடைக்காது. ஆனால் ஒருவரைப் பார்க்க இன்னொருவர் பஸ் ஏறிப் போக வேண்டியிருக்கவில்லை.

முதலில் சித்தப்பா குடும்பம் வவுனியாப் பக்கம் போனது. பிறகு அப்பா இறந்துபோனார். அம்மா படுக்கையில் கிடந்தபோது தெமோதரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து அக்காவைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை நல்ல மாதிரி. அக்காவுக்கும் பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அன்றைக்கு அவள் தலையை இரண்டு முறை வாரினாள். ஆனாலும் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, "இப்ப வேணாங்க, அம்மாவுக்கு ஆளில்ல" என்று தானே சொல்லி அனுப்பிவிட்டாள். அதன் பிறகு யாரும் கேட்டு வரவில்லை. அம்மாவும் அதிக காலம் இருக்கவில்லை.

நான் படித்து டீச்சராகி, கல்யாணம் கட்டிப் பதுளை டவுனுக்குப் போனேன். அண்ணனுக்கு லுணுகலைப் பக்கத்திலிருந்து அண்ணி வந்தாள். அக்காவும் அண்ணியும் ஒரே மலையில் கொழுந்து எடுத்தார்கள். காலையில் பெயர் கொடுக்கிற பெரட்டுக்கு ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்புவார்கள். அண்ணி அவளை 'மதினி' என்று கூப்பிட்டாலும், அக்கா தங்கச்சி என்றுதான் லயத்தில் புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். முதலில் ஒரு பையன் பிறந்தான். சில வருசம் கழித்து ஒரு பெண் குழந்தை.

அந்தக் குழந்தை நடக்கத் தொடங்குவதற்கு முன் அண்ணி குவைத்துக்குப் போனாள். அப்போது எங்கள் லயத்தில் பாதிக்கு மேல் வீடுகளில் அம்மாமார் இல்லை. ஒருத்தி போவாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி போவாள். அண்ணன் வேண்டாம் என்றுதான் சொன்னான். அண்ணி கேட்கவில்லை. "நம்ம புள்ளைங்களும் இந்தக் காம்பராவுக்குள்ளயே கெடக்கணுமா?" என்று கேட்டாள்.

குழந்தைக்குப் பால் மறக்கடிக்க அக்கா வேப்பெண்ணெய் வாங்கி வந்து கொடுத்தாள். அண்ணி மார்பில் பூசிக்கொண்டாள். குழந்தை வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்து அழுதது. மறுபடி வாய் வைத்தது. கசப்போடேயே குடித்தது. அதைப் பார்த்துவிட்டு அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அக்கா குழந்தையைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு கீழ் லயத்துக்குப் போய்விட்டாள். அண்ணி பண்டாரவளைக்கு பஸ் ஏறிய பிறகுதான் அக்கா திரும்பி வந்தாள்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் குழந்தை அக்காவின் பிள்ளையாகத்தான் வளர்ந்தது. காலையில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போவாள். பகலில் ஓடிவந்து சோறு ஊட்டிவிட்டு மறுபடி ஓடுவாள். பேசத் தொடங்கியதும் அது அக்காவை 'அம்மா' என்றுதான் கூப்பிட்டது. அக்கா திருத்திப் பார்த்தாள். "அத்தை சொல்லுடி. அத்தை." அது சிரித்துக்கொண்டே 'அம்மா' என்றது. கொஞ்ச நாளில் அக்கா திருத்துவதை விட்டுவிட்டாள்.

தொலைபேசிக்கு லயத்தில் சிக்னல் கிடைக்காது. கோயிலுக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, அங்கே ஏறினால் கிடைக்கும். வெள்ளிக்கிழமைகளில் எல்லாரும் அங்கே போய் நிற்பார்கள். பள்ளிக்கூட விடுமுறைக்கு நான் போயிருந்தபோது ஒருமுறை கூடப் போனேன். அண்ணி மறுமுனையில், "தங்கம், அம்மா பேசுறேன்டி" என்று சொல்வது எனக்கும் கேட்டது. பெண் போனைக் காதில் வைத்துக்கொண்டே அக்காவின் முகத்தைப் பார்த்தது.

"யாரு?"

"வெளிநாட்டு அம்மா. பேசு."

"சாப்டீங்களா?" என்று அது கேட்டது. சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டது.

அண்ணி ஒருமுறை வந்து உடனே திரும்பிப் போனாள். இரண்டாம் முறை ஒரேயடியாக வந்தாள். பெண் அப்போது பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தது. பண்டாரவளை பஸ் ஸ்டாண்டில் நாங்கள் எல்லாரும் போய் நின்றோம். அண்ணி குண்டாகி, வெளுத்து, வேறு ஆள் மாதிரி இறங்கினாள். பையன் வெட்கத்தோடு போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டான். பெண் அக்காவின் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றது. அண்ணி குந்தி உட்கார்ந்து கையை நீட்டினாள். அது வரவில்லை. "பழகிரும், கொஞ்சம் பொறு புள்ள" என்று அக்கா சொன்னாள். அண்ணியும் சரியென்று தலையாட்டினாள்.

ஆனால் பழகவில்லை. அண்ணி கொண்டுவந்த சட்டையைப் போட்டுக்கொள்ளும். அண்ணி பிசைந்த சோற்றைத் தின்னாது. படுக்கும்போது அக்காவின் பாயைத் தேடிப் போகும். அண்ணி சத்தம் போடுகிறவள் இல்லை. இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, மலையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

ஒரு விடுமுறையில் நான் அங்கே இருந்தபோது பெண்ணுக்குக் காய்ச்சல். அக்கா மலைக்குப் போயிருந்தாள். அண்ணி கொத்தமல்லி அவித்து, ஆற்றி, மடியில் தூக்கி வைத்துக் கொடுக்கப் பார்த்தாள். பெண் கோப்பையைத் தட்டிவிட்டது. "எங்க அம்மா வரட்டும்" என்று அழுதது. கொத்தமல்லித் தண்ணீர் அண்ணியின் கையெல்லாம் வழிந்தது. அந்த நேரத்தில்தான் அக்கா இடுப்பில் கட்டிய சாக்கு நனைந்து, கால் முழுக்கச் சேறோடு, செய்தி கேட்டு ஓடிவந்து வாசலில் நின்றாள். பெண் அவளைக் கண்டதும் அண்ணியின் மடியிலிருந்து இறங்கி ஓடியது. அக்கா அதைத் தூக்கவில்லை. ஈரச் சேலையோடு நின்றபடி அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடம் திறந்து சில நாளில், நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், பதுளையில் என் வாசற்படியில் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு துணிப்பை.

"என்னக்கா, சொல்லாம கொள்ளாம?"

"கொஞ்ச நாளு ஒங்கூட இருக்கேன். ஒம் புருசன் ஒண்ணும் சொல்ல மாட்டாருல்ல?"

"அவரு என்ன சொல்லப் போறாரு. அங்க சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல. நான் அங்க இருக்குற வரைக்கும் அவ பெத்தவகிட்ட போக மாட்டா. அதுக்காகத்தான்."

"புள்ளைகிட்ட சொல்லிட்டு வந்தியா?"

அக்கா துணிப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஸ்கூலுக்குப் போயிருந்தா" என்றாள். பிறகு, "சொன்னா என்னைய வர விட்டிருப்பாளா?" என்றாள்.

கொஞ்ச நாள் என்று வந்தவள் கடைசி வரை என்னோடுதான் இருந்தாள். சும்மா இருக்கத் தெரியாது. மார்க்கெட்டில் ஒரு மொத்தக் கடையில் வேலைக்குப் போனாள். வெலிமடையிலிருந்து லொறியில் வருகிற லீக்ஸையும் கரட்டையும் தரம் பிரித்து, கட்டி வைக்கிற வேலை. என் மகனையும் பார்த்துக்கொண்டாள். ஆனால் அவனை அவள் கொஞ்சி நான் பார்த்ததில்லை. குளிப்பாட்டுவாள், ஊட்டுவாள், அதோடு சரி. அவன் மடியில் ஏறினால், "அம்மாகிட்ட போ" என்று இறக்கிவிடுவாள். அதை நான் கண்டும் காணாதது மாதிரி இருந்தேன்.

பெண் முதலில் சாப்பிடாமல் கிடந்ததாகவும், பிறகு மெல்ல மெல்ல அண்ணியிடம் போனதாகவும் அண்ணன் வந்து சொன்னான். அக்கா வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "தலை பின்னி விடுறாளா?" என்று மட்டும் விசாரித்தாள்.

அடுத்த தைப்பொங்கலுக்கு அண்ணன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தான். அக்கா விடியலிலேயே எழுந்து, அதற்குப் பிடித்த மாதிரி தேங்காய்ப்பூ போட்டு ரொட்டி சுட்டு வைத்திருந்தாள். பெண் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தது. ரொட்டியைத் தொடவில்லை.

"சாப்புடுடி" என்றாள் அக்கா.

"வேணாங்க அத்தை. வீட்ல சாப்ட்டுத்தான் வந்தேன்."

அவ்வளவு காலமும் 'நீ' என்று பேசிய பிள்ளை. 'அம்மா' என்று கூப்பிட்ட பிள்ளை. அக்கா, "சரி" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். அவள் நினைத்துக்கொண்டு வந்தது நடந்துவிட்டது. அதற்காக அவள் சந்தோசப்பட்டாளா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு மார்க்கெட்டுக்கு லீவு, ஆனாலும் போய்விட்டு வருகிறேன் என்று வெளியே போனாள்.

வருசங்கள் போயின. மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடிய பிறகு, மழை வந்தால் எங்கள் பக்கத்து மலையிலும் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. இளவட்டங்கள் கொழும்புக்குப் போனார்கள். அண்ணன் மகன் கடையொன்றில் வேலை செய்து, அங்கிருந்து கத்தாருக்குப் போனான். பெண் படிப்பை முடித்துவிட்டு கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். அங்கேயே ஒருவரை விரும்பிக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு அக்கா புதுச்சேலை கட்டி வந்து, பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என் மகனும் வெளிநாடு போய்விட்டான்.

அக்கா இறந்தது போன வருசம், பதுளை ஆஸ்பத்திரியில். நெஞ்சில் சளி என்று கொண்டுபோனோம், திரும்பி வரவில்லை. அவளைத் தோட்டத்துக்கே கொண்டுபோனோம். ஒரு காலத்தில் லயத்தில் சாவு விழுந்தால் எல்லாக் காம்பராவிலும் அடுப்பு அணையும். இப்போது பாதிக் காம்பராக்களில் பூட்டுத் தொங்கியது. பாடை தூக்க ஆள் போதாமல் தோட்டத்தின் அடுத்த டிவிசனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். கொள்ளி வைக்க அண்ணன் மகன் வர முடியவில்லை. அண்ணனே வைத்தான்.

குளிப்பாட்டும்போது அண்ணி வேறு யாரையும் தொட விடவில்லை. "நான் பாத்துக்கிறேன், தள்ளுங்க" என்றாள். அக்காவின் கால் வெடிப்புகளை மஞ்சள் தேய்த்து ஒவ்வொன்றாகக் கழுவினாள். "ஒரு வார்த்தை கூட என்னைய கேக்காம போயிட்டீங்களே மதினி" என்று சொல்லி அழுதாள். அவள் இப்போது போனதைச் சொல்கிறாளா, அன்றைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போனதைச் சொல்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை.

பெண் மாசமாக இருந்தாள். அவள் அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் குசினியில் நின்று பிளேன் டீ ஊற்றிக்கொண்டே இருந்தாள். இந்த நேரத்தில் நிற்காதே, உட்கார் என்று சொல்லப் போனேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"சின்னத்தை, அன்னைக்கு ஸ்கூல் விட்டு வந்து நான் எங்கெல்லாம் தேடுனேன் தெரியுமா? கொல்லையில, தண்ணி புடிக்கிற பீலிக்கரையில, கோயில்ல. மலைக்குப் போயிருப்பாங்கன்னு ரோட்டுல போய் நின்னேன். மத்தப் பொம்பளைங்க எல்லாம் எறங்கி வந்தாங்க. நான் ஏதோ தப்பு செஞ்சுட்டேன், அதான் விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சேன்."

"ஒனக்காகத்தாண்டி போனா."

"தெரியும். பெரிய புள்ளையானப்பவே தெரியும். ஆனா அதுக்குள்ள எனக்கு அவங்களோட எப்புடிப் பேசுறதுன்னு மறந்து போச்சு." தேத்தண்ணிக் கெண்டியைத் தூக்க முடியாமல் கீழே வைத்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

குழந்தை பிறந்ததும் அவள் அண்ணியை வத்தளைக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். புருசன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். பக்கத்து பிளாட்டில் யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாத இடம். சில மாதத்துக்கு வந்து போகிறேன் என்றுதான் அண்ணி போனாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

போன விடுமுறையில் நான் அங்கே போயிருந்தேன். நாலாம் மாடி. அண்ணி குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். நல்ல பக்குவமான கை.

"எங்க அண்ணி பழகுனீங்க?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாதென்று தோன்றியது.

"குவைத்துலதான்" என்றாள். "நான் போன வீட்ல ஒரு கைப்புள்ள இருந்துச்சு. அது அழுதா எனக்குப் பால் சொரக்கும். சட்டையெல்லாம் நனஞ்சிரும். மேடம் கண்டா ஏசுவாங்கன்னு பாத்ரூமுக்குள்ள போய்ப் பீச்சி ஊத்திட்டு வருவேன்." குழந்தையின் தலையைத் துவட்டினாள். "இதை இவகிட்ட சொன்னதில்ல. நீங்களும் சொல்லாதீங்க."

"சொல்லலாமே அண்ணி."

"வேணாம். ஏற்கெனவே ஒருத்தங்களுக்காக அழுதுக்கிட்டு இருக்கா."

அண்ணன் தோட்டத்தில் தனியாக இருக்கிறான். வத்தளைக்கு வரச் சொன்னால், அங்கே போய் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது என்கிறான். இந்தத் தீபாவளிக்கு அவன் என்ன சாப்பிடுவான் என்று நினைத்துக்கொண்டு நான் பூனாகலைக்குப் போனேன். என் வீட்டுக்காரரும் கூட வந்தார். வழியில் மழை, பனிமூட்டம். அண்ணன் ஒரு சட்டியில் மூன்று வேளைக்கும் சேர்த்து ஆக்கி வைத்திருந்தான். அதைத் தள்ளி வைத்துவிட்டு நான் கோழி வாங்கிச் சமைத்தேன்.

இப்போது காம்பராவுக்குள்ளேயே சிக்னல் கிடைக்கிறது. மத்தியானம் வத்தளையிலிருந்து அழைப்பு வந்தது. திரையில் பேரப்பிள்ளை, அதற்குப் பின்னால் அண்ணியின் தோள். அண்ணன் போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "தெரியுதா? தெரியுதா?" என்று கேட்டான். அங்கேயிருந்து அண்ணி, "சாப்டீங்களா?" என்றாள். "தங்கச்சி வந்திருக்கு, கோழி ஆக்குச்சு" என்றான். குழந்தை போனை நக்கியது. தொடர்பு அறுந்துவிட்டது.

சாயந்தரம் நாங்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். அண்ணன் ரோடு வரை குடையோடு கூடவே வந்தான். பஸ் வருகிற சத்தம் கேட்டபோது, "நாளைக்கும் ஸ்கூல் லீவுதானே?" என்றான்.

"ஆமாண்ணே."

"இன்னைக்கு இருந்துட்டுப் போயேன்."

என் அண்ணன் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு லயத்துப் பாதையில் நடக்கத் தொடங்கினார். பஸ் எங்களுக்காக நின்று பார்த்துவிட்டுப் போனது.