ஆடியில் வந்த அயர்லாந்து

ஆடி பிறந்துவிட்டால் தென்காசியில் கல்யாண மண்டபங்களைப் பூட்டிவிடுவோம். குற்றாலத்துக்குப் போகிற வேன்கள் வாசலில் நிறுத்தி வழி கேட்கும், அவ்வளவுதான் நடமாட்டம். மண்டப மேனேஜரான எனக்கு அந்த மாதம் வேலை இருக்காது, அதனால் கவலைப்படுவேன். மற்ற மாதங்களிலும் படுவேன்தான். ஆனால் அப்போது பாயசம் அடிப்பிடிக்குமோ, ஜெனரேட்டர் நின்றுவிடுமோ என்று கவலைப்பட ஏதாவது ஒன்று கையில் இருக்கும்.

அந்த ஆடியில் கவலை வீட்டுக்குள்ளேயே இருந்தது. பி.எஸ்சி. முடித்த மகள், அயர்லாந்துக்குப் போய் எம்.எஸ்சி. படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அயர்லாந்து எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. வேண்டாம் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் வாய் வரவில்லை. "ஆடியில எதையும் ஆரம்பிக்கப்படாது. ஆவணி பெறக்கட்டும், பாப்போம்" என்று தள்ளிவைத்தேன். ஆவணியில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் மதுரையிலிருந்து போன் வந்தது. வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் கம்பெனி. ஒருநாள் மண்டபம் வேண்டும். அயர்லாந்துப் பல்கலைக்கழகத்திலிருந்தே ஒரு அதிகாரியம்மா வருகிறார். அன்றைக்கே விண்ணப்பம் கொடுத்தால் அங்கேயே நேர்காணல்.

ஆடியில் வாடகையா என்று முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகளிடம் மறைக்கவும் வழியில்லை. ஃப்ளெக்ஸை எங்கள் மண்டப வாசலிலேயே கட்டிவிட்டார்கள்.

"எப்பா, நான் அயர்லாந்துக்குப் போவ வேண்டாம்னு அயர்லாந்தையே இங்கன வரவழைச்சிட்டியளே!" என்றாள்.

மண்டபத்துப் பையன்களுக்குத் தெரிந்தது ஒரே மாதிரி விசேஷம்தான். வாசலில் சந்தனம், கல்கண்டு, பன்னீர்ச் செம்பு எல்லாம் வைத்துவிட்டார்கள். மேடையில் மாப்பிள்ளை பெண் உட்காரும் சிவப்பு நாற்காலிகள் இரண்டு கிடந்தன. தலை ஈரம் காயாமல் குற்றாலம் மெயின் அருவியிலிருந்து நேரே வந்த அதிகாரியம்மாவை ஒன்றில் உட்காரவைத்தோம். இன்னொன்றில் கம்பெனி ஆளான, கோட்டுப் போட்ட மதுரைத் தம்பி. முதலில் வந்த குடும்பம் மேடையேறி, இருவருக்கும் பின்னால் வரிசையாக நின்று போட்டோ எடுத்து, கைகொடுத்து, மறுபக்கம் இறங்கிப் போனது. அதைப் பார்த்ததும் பின்னால் வரிசை கட்டிவிட்டது. அந்தம்மா ஒவ்வொரு போட்டோவுக்கும் சலிக்காமல் சிரித்தார்.

தம்பிதான் வேர்த்துப்போய் என்னிடம் ஓடிவந்தான். "அண்ணே, ஒருத்தரும் கோர்ஸைப் பத்திக் கேக்க மாட்டேங்கிறாய்ங்க. பந்தி எப்போன்னு கேக்குறாய்ங்க!"

நாற்காலிகளைக் கீழே இறக்கி மேஜை போட்ட பிறகுதான் பேச்சு தொடங்கியது. படிக்கப் போவது ஒருத்தன் என்றால் அவனைச் சுற்றி அத்தை, மாமா, சித்தப்பா. பெண் கொடுக்கிற வீட்டை விசாரிப்பதுபோல விசாரித்தார்கள். அக்கா மகனோடு ராயகிரியிலிருந்து வந்திருந்தார் பட்டாளத்து அண்ணாச்சி ஒருவர். எல்லாம் கேட்டு முடித்துவிட்டுக் குரலை உயர்த்தினார். "எல்லாம் சரிதான். ஆனா ஆடியில கையெழுத்துப் போடச் சொல்லுதியளே, அது முறையா?"

மண்டபம் முழுக்கத் தலைகள் ஆடின. எனக்கு நெஞ்சில் குளுகுளுவென்று இருந்தது. என் கட்சிக்கு இத்தனை பேர்!

"அந்தம்மாட்ட கேளுங்க தம்பி. அவங்க ஊர்ல ஆடி உண்டுமா?"

தம்பி எப்படியோ விளக்கினான். அந்தம்மா நெற்றியைச் சுருக்கி யோசித்துவிட்டு நிதானமாகப் பதில் சொன்னார். தம்பி மொழிபெயர்த்தான்: ஜூலை, ஆகஸ்டில் புரொபசர்கள் எல்லாம் லீவில் போய்விடுவார்கள், ஆபீஸில் பாதிப்பேர் இருக்கமாட்டார்கள், புதிதாக எதுவும் தொடங்குவதில்லை, எல்லாம் செப்டம்பரில்தான்.

அண்ணாச்சி சபையைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டியளாவே! அங்கயும் ஆடி உண்டு. ஆவணி முடியவும்தான் தொடங்குதாவ. நல்ல எடம்வே!"

நல்ல இடம்தான் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். நல்ல இடம் என்பதாலேயே ஆடியில் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் ஒத்துக்கொண்டார்கள். அந்தம்மாவுக்கு மகிழ்ச்சியோடு கைகொடுத்துவிட்டு, ஒரு விண்ணப்பம்கூடக் கொடுக்காமல் கிளம்பத் தொடங்கினார்கள். தம்பி நாற்காலியில் சரிந்தான். எனக்கோ நிம்மதி.

அப்போதுதான் மகள் நேரே போய் அந்தம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏட்டி, பெரியவங்க இவ்வளவு சொல்லுதோம்லா" என்றார் அண்ணாச்சி.

"ஆடித் தள்ளுபடியில ஃப்ரிட்ஜ் எடுத்தேன்னு வாசல்ல சொல்லிக்கிட்டிருந்தியளே மாமா. அதுக்கு ஆடி இல்லையாக்கும்?"

"அது தள்ளுபடிலா!"

நேர்காணல் நடந்தது. நான் தூணோரம் நின்று பார்த்தேன். ஒரு வார்த்தை புரியவில்லை. அந்தம்மா தலையாட்டினால் ஐயோ கிடைத்துவிடுமோ என்றிருந்தது. ஆட்டாமல் இருந்தால், என் பிள்ளைக்கு என்ன குறைச்சல் என்று கோபம் வந்தது. கடைசியில் அந்தம்மா என்னைக் கைகாட்டி ஏதோ சொன்னார். அப்பாவுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்றான் தம்பி.

பனி, போலீஸ், வேலை, வீடு என்று மாதம் முழுக்கச் சேர்த்துவைத்த கேள்விகளெல்லாம் எங்கே போயினவோ. வாயில் வந்தது இதுதான்: "இவளுக்குக் காய்ச்சல் வந்தா யாரு கஞ்சி வச்சுக் குடுப்பா?"

"எல்லா வசதியும் இருக்குண்ணே" என்றான் தம்பி.

"நீங்க சொல்லாதீங்க தம்பி. அவங்ககிட்ட கேளுங்க."

கேட்டான். அந்தம்மா கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்த்தே சொன்னார். தம்பியின் குரல் இறங்கிவிட்டது. "யாரும் வைக்க மாட்டாங்களாம்ணே. டாக்டர் இருக்காராம், கூப்பிட்டா பாப்பாராம். கஞ்சி படிக்கிறவங்களேதான் வச்சுக்கணுமாம். இவங்க பொண்ணும் ஆஸ்திரேலியாவுல படிக்குதாம். காய்ச்சல் வந்ததை எல்லாம் சரியானப்புறந்தான் போன்ல சொல்லுச்சாம். கேட்டுட்டு இவங்க தூங்கலையாம்."

எல்லாம் நன்றாக இருக்கும் என்று மாதம் முழுக்க எத்தனையோ பேர் சொன்னார்கள். ஒருத்தரையும் நம்பவில்லை. இந்தம்மாவை நம்பினேன்.

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்றேன்.

"நீங்க போட வேண்டாம்ணே. உங்க பொண்ணு போட்டாப் போதும்."

அவள் எப்போதோ போட்டுவிட்டிருந்தாள். பேனாவை மூடி என் சட்டைப்பையில் செருகினாள். அது என் பேனாதான். எப்போது எடுத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.