இரண்டு பேருக்கும் வந்த ஒரே கடிதம்

ஓசூரில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த வருஷம் அப்பா என்னையும் என் சிநேகிதியையும் பெங்களூருக்குக் கூட்டிப் போனார். எந்தப் பிள்ளைக்கு எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி பொருந்தும் என்று பரீட்சை வைத்துச் சொல்லும் அலுவலகம் ஒன்று அங்கே இருப்பதாக அவர் கேள்விப்பட்டிருந்தார். சிநேகிதி உத்தனப்பள்ளியில் விவசாயக் குடும்பத்துப் பெண். அவர்கள் வீட்டில் எந்தப் பெண்ணும் அதுவரை பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்ததில்லை. "படிச்சவங்க சொல்லட்டும், அனுப்பறேன்" என்று அவள் அப்பா ஒத்துக்கொண்டதே பெரிய காரியம்.

கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் எங்களை அரை நாள் உட்காரவைத்தார். கணக்கு, படங்கள், கேள்விகள். சிநேகிதி சீக்கிரமே முடித்துவிட்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கடைசி நிமிஷம்வரை எழுதினேன்.

முடிவு இரண்டு வாரத்தில் தபாலில் எங்கள் வீட்டுக்கு வந்தது, இருவருக்கும் ஒரே உறையில். அப்பா வருவாய்த்துறையில் இருந்தார். யானை அழித்த பயிரைக் கணக்கெடுக்கத் தேன்கனிக்கோட்டைப் பக்கம் முகாம் போயிருந்தார். நான் பிரித்தேன். அவளுக்குக் கணக்கில் அபூர்வமான திறமை, பெங்களூர்ப் பெண்கள் கல்லூரியில் இண்டர்மீடியட் கணிதப் பிரிவில் உடனே சேர்க்க வேண்டும், விடுதிக்குத் தாங்களே சிபாரிசு எழுதுகிறோம் என்று இருந்தது. எனக்கு ஆசிரியப் பயிற்சி. இரண்டே வரி.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள்.

"வந்துச்சா?"

"வந்துச்சு. ரெண்டு பேருக்கும் டீச்சர் ட்ரெய்னிங்தான் சொல்லியிருக்காங்க."

"கடுதாசி எங்க?"

"அப்பா எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு."

அவள் மறுபடி தவிட்டுக்குள் கையை விட்டுக் கலக்கினாள். உள்ளேயிருந்து வந்த அவள் அப்பா, "நீயும் அங்கதான் போறியா கண்ணு? அப்ப இவளையும் கூடக் கூட்டிக்கிட்டுப் போ" என்றார். முகாமிலிருந்து திரும்பிய என் அப்பாவிடம் கடிதத்தைக் காட்டி, அவள் வீட்டில் பெங்களூருக்கு அனுப்ப மாட்டேன் என்கிறார்கள் என்றேன். அப்பா பெருமூச்சு விட்டார். பிறகு கடிதத்தை நான் அடுப்பில் போட்டுவிட்டேன்.

இருவரும் ஒன்றாகப் படித்தோம், வேலைக்கும் போனோம். ஊர் முழுக்கத் தொழிற்சாலைகள் வந்தபோது அவளிடம் கணக்குப் படித்த பிள்ளைகள் பலர் அவற்றில் என்ஜினீயர்களானார்கள். அவர்கள் தெருவில் நிறுத்தி அவளுக்கு வணக்கம் சொல்லும்போதெல்லாம் நான் பக்கத்துக் கடையைப் பார்ப்பேன்.

இருவரும் ஓய்வு பெற்ற பிறகு ஒரு மத்தியானம் அவள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அழுதுவிடக் கூடாது என்று நினைத்திருந்தேன், முடியவில்லை.

"அந்தம்மா என்ன எழுதியிருந்தாங்க? அப்படியே சொல்லு."

சொன்னேன். 'அபூர்வமான' என்ற வார்த்தையை மறுபடி சொல்லச் சொன்னாள்.

"ஏன் புள்ள அப்படிப் பண்ண?"

"நீ என்னைவிட மேல போயிடுவேன்னு பொறுக்கல."

அவள் என்னைத் திட்டவில்லை. "எங்கப்பா இருக்கறப்பவே சொல்லியிருக்கலாம்" என்றாள். "தன் பொண்ணுக்கு அவ்வளவு புத்தின்னு அவராவது காதால கேட்டிருப்பாரு."

இப்போதும் நாங்கள் பேசிக்கொள்கிறோம். ஆனால் முன்போல அவளாக என் வீட்டுக்கு வருவதில்லை. நான்தான் போகிறேன்.