அஞ்சலையக்காவுக்கு வந்த கடிதங்கள்

"அஞ்சலை... கடுதாசி!" விடியற்காலைப் பெரட்டில், வேலையாட்களின் பெயர் வாசித்து முடித்ததும் வேலை மேய்க்கும் மண்டோர் போடும் அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எண்பதுகளில், கோல சிலாங்கூர் பக்கத் தோட்டம் ஒன்றில் நான் ஆபீஸ் கிராணி, கணக்கும் தபாலும் என் பொறுப்பு. தபால் பிரிக்கிறவளுக்கு உறையைத் திறக்காமலே பாதி விஷயம் தெரிந்துவிடும். இன்று பிள்ளை கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தால் பெற்றவர்கள் உங்களுக்குச் சந்தேகம் வருகிறதே, அந்தச் சந்தேகம் அன்று எனக்கு உறைகளைப் பார்த்து வந்தது.

முத்திரை

அஞ்சலையக்காவுக்கு எழுத்து தெரியாது. ஒரே மகன் சிங்கப்பூரில். திடீரென்று வாரம் ஒரு கடிதம் வரத் தொடங்கியது. தபால் முத்திரையோ சிங்கப்பூர் இல்லை, இங்கே சிலாங்கூரிலேயே இருக்கும் பத்தாங் காலி. பக்கத்து வீட்டுத் தேவி, பதினைந்து வயது, வாசித்துக் காட்டுவாள். யார் எழுதுவது என்று அக்காவைக் கேட்டேன்.

"எம் மவன்தான். கல்யாணத்துக்கு முந்தி இவ்வளவு பாசம் இல்ல லா, கிராணியம்மா!"

நீலச் சேலை

தேவி பந்து விளையாட வருவதை விட்டிருந்தாள். அம்மா தலை தெரிந்தால் புத்தகத்தை மூடினாள். ஒரு நாள் என் நீலச் சேலையை இரவல் கேட்டாள், பெரியவளாகத் தெரிய வேண்டுமாம். நான் அதட்டவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.

மெல்லச் சொன்னாள். கடிதம் எழுதுகிறவன், பத்திரிகையின் பேனா நண்பர் பகுதியில் கிடைத்தவன். பதினேழு வயது மாணவன். தாய் தகப்பன் இல்லாதவன். தன் பெயருக்குக் கடிதம் வந்தால் மண்டோர் ஊரறியக் கூவிவிடுவார் என்று, அஞ்சலையக்கா பெயருக்கு எழுதச் சொல்லியிருக்கிறாள். மகன் எழுதியதாக அக்காவிடம் வாசித்ததெல்லாம் இவளே கட்டியது. சனிக்கிழமை கோல சிலாங்கூர் பஸ் நிலையத்துக்குத் தனியாக வா, அம்மாவிடம் சொல்லாதே என்று அவன் எழுதியிருந்தான். போகாதே என்றதும் அழுதாள்.

"அவருக்கு என்னை விட்டா யாருமே இல்லக்கா."

சிவப்புக் கைக்குட்டை

அவள் அம்மாவிடம் சொன்னேன். அஞ்சலையக்காவிடமும் சொன்னேன், அவன் யாரென்று நேரில் பார்த்துவிடலாம் என்றார். சனிக்கிழமை நால்வருமாகப் போனோம். அடையாளத்துக்கு அவன் எழுதியிருந்தபடியே சிவப்புக் கைக்குட்டையோடு ஓர் ஆள் நின்றான். தலை நரைத்திருந்தது. அக்கா நேரே அவனிடம் போனார்.

"அஞ்சலை நான்தான்யா. அத்தனை கடுதாசியும் எனக்குத்தான் வந்துச்சு. என்ன வேணும், சொல்லு!"

எந்த ஊர் பஸ் என்றுகூடப் பார்க்காமல் ஏறிப் போனான். தேவி, அவன் தன்னுடையது என்று கடிதத்தில் அனுப்பியிருந்த பள்ளிச் சீருடைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இந்தப் படத்துல இருக்கிறது யாருக்கா?"

தேவி பிறகு செரண்டாவில் தொழிற்சாலை வேலைக்குப் போனாள், அங்கிருந்து அஞ்சலையக்காவுக்கு, அவர் கடைசிக் காலம்வரை, மாதம் ஒரு கடிதம், தன் சொந்தப் பெயரில், எழுதினாள். காட்டிக்கொடுத்த எனக்கு ஒன்றும் போட்டதில்லை, அக்காவுக்கு அதையெல்லாம் வாசித்துக் காட்டியது மட்டும் நான்தான்.